செருப்புக்கா இவ்வளவு காசு?

"செருப்புக்குப் போய் ஆராச்சும் ஆறாயிரம் குடுப்பாங்களா கா?" மட்டக்களப்பில் ஒரு பெண் நல்ல தட்டைச் செருப்பொன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் இந்தக் கேள்வி வாசலிலேயே வந்துவிடும். மாமி கேட்பார், கணவர் கேட்பார், அடுத்த நாள் பாடசாலை ஓய்வறையில் கூட வேலை செய்யும் ரீச்சர்மார் கேட்பார்கள். கேட்பவர் எவரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. செருப்பு என்பது மண்ணை மிதிப்பது, வாசலில் கழற்றிப் போடுவது, சில மாதத்தில் அறுந்துபோவது. அதற்குக் காசைக் கொட்டுவது பவிசு. மலிவாக ஒன்றை வாங்கு, அறுந்தால் இன்னொன்றை வாங்கு, விசேடத்துக்கு மட்டும் குதி உயர்ந்த ஒன்றை வைத்துக்கொள். இங்கே நிலைபெற்ற கருத்து இதுதான். படித்தவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், நோயாளிக்குக் கால் பராமரிப்புச் சொல்லிக்கொடுக்கிறவர்கள்கூட தங்கள் வீட்டுப் பெண்களிடம் இதையே சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து கணக்கிலும் பிழை, கால்களைப் பற்றிய அறிவிலும் பிழை. அதைவிட, ஒரு பெண் எதற்குச் செலவழிக்கலாம் என்று ஊர் வைத்திருக்கும் தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. தங்கைக்குக் கலியாணம் என்றால் காஞ்சிபுரப் பட்டு எடுப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பட்டு இரண்டு தரம் உடுக்கப்பட்டு அலுமாரிக்குள் போய்விடும். வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல், நாளொன்றுக்கு எட்டு, பத்து மணித்தியாலம் காலோடு ஒட்டிக் கிடக்கும் பொருளுக்குத்தான் விசாரணை. பிறர் கண்ணுக்குப் போகும் செலவு மரியாதை, தன் உடம்பின் சுகத்துக்குப் போகும் செலவு வீண் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. நான் மறுப்பது முதலில் இதைத்தான்.

யாருடைய கால்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பயணம் இலகுவானது. ஆனால் குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் இன்னும் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்கிறார்கள். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் பாடசாலையுமாக இருக்கும் ஆசிரியை விடியப் புறப்பட்டு, பஸ்ஸில் நின்று, துறையில் காத்திருந்து, ஈரமான இரும்புத் தளத்தில் கால் ஊன்றி நின்று, அக்கரையில் கிரவல் வீதியில் நடந்து ஏழரைக்குள் கையெழுத்து வைக்கவேண்டும். அதன் பிறகு ஒன்றரை வரை சீமெந்து நிலத்தில் நிற்பது. சேலை உடுத்தி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு தாதி ஒரு முறைக் கடமையில் விடுதிக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் நடக்கும் நடை இன்னொரு வகை. காத்தான்குடியிலும் கல்முனையிலும் புடவைக்கடைகளில் நிற்கும் பிள்ளைகளோ வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்கிறார்கள். நிற்பது ஓர் உழைப்பு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளவேண்டி வந்திருக்கிறது: கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றன. அந்த உழைப்பின் கருவி செருப்பு. மேசனின் கரண்டிக்கும் தையல்காரியின் கத்தரிக்கோலுக்கும் கொடுக்கும் மதிப்பை இதற்கு ஏன் மறுக்கிறோம்?

உடனே வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "எங்கட அம்மம்மா செருப்பே போடல்ல, எண்பது வயது வரைக்கும் நடந்தா." இதை நான் இலேசாக எடுக்கவில்லை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் தொடங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, குமண வழியாகக் கதிர்காமத்துக்கு வெறுங்காலில் நடக்கும் அடியார்களை நாங்கள் வருடந்தோறும் எங்கள் வீதிகளில் காண்கிறோம். மனிதப் பாதம் வெறுமையாக நடக்கக்கூடியதுதான். ஆனால் அம்மம்மா நடந்தது மணலில், வயல் வரம்பில், சாணம் மெழுகிய முற்றத்தில். மணல் காலுக்கு இடம் கொடுக்கும். ஒவ்வொரு அடியிலும் பாதத்தின் வேறொரு பகுதி பாரத்தை ஏற்கும். சிறுவயதிலிருந்தே அப்படி நடந்து விரல்கள் விரிந்து, தசை வலுத்து, தோல் தடித்த கால் அது. அவருடைய பேத்தி எட்டு வயதில் சப்பாத்துக்குள் கால் வைத்தவள். வீட்டில் மாபிள், பாடசாலையில் சீமெந்து, வங்கியில் தரைக்கல். இந்த நிலம் இம்மியும் விட்டுக்கொடுக்காது. பாதத்தின் அதே இடங்கள்தான் நாள் முழுக்க அடி வாங்கும். வெறுங்காலின் நன்மையைச் சொல்லிவிட்டு, மெல்லிய றப்பர் தகடொன்றை மாட்டி அவளைக் கொங்கிறீட்டில் நிற்கவைப்பது இரண்டு உலகத்தின் கேட்டையும் ஒன்றாக அவள் தலையில் கட்டுவது.

இதற்கு எதிர்த்திசையில் இருந்து இன்னொரு கூட்டம் பேசுகிறது. ஹீல்ஸ் கெடுதி, தட்டையாக எதைப் போட்டாலும் காலுக்கு நல்லது என்பது அவர்கள் முடிவு. முதற்பாதி சரி. குதி உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்துக்குத் தள்ளப்படுகிறது, விரல்கள் ஒடுங்கிய முனைக்குள் நெருக்கப்படுகின்றன. வேலைத்தலங்களில் பெண்களை ஹீல்ஸ் போட வற்புறுத்தக் கூடாது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017இல் விதி கொண்டுவந்தது. 2019இல் யப்பானிய நடிகை யுமி இஷிகவா தொடங்கிய இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதையே கேட்டுக் கையெழுத்திட்டார்கள். பிற்பாதிதான் பிழை. கடைகளில் வரிசையாகத் தொங்கும் மெல்லிய பம்ஸ் செருப்பைக் கையில் எடுத்து இரண்டாக மடித்துப் பாருங்கள், நடுவிலேயே மடியும். பாதவளைவுக்கு அடியில் ஒன்றும் இல்லை, குதிக்கு அடியில் சில மில்லிமீற்றர் றப்பர். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதி வலித்து, நாற்பது வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர். குதியிலிருந்து முன்பாதம் வரை ஓடும் தடித்த தசைநார் ஓயாமல் இழுபடுவதால் வரும் வலி அது. ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் உயர்ந்த, அகலமான குதி பலருக்கு அந்த இழுவையைக் குறைக்கும். தட்டை என்பது உயரத்தைச் சொல்கிறது, தரத்தைச் சொல்லாது.

இனிக் காசுக் கணக்கு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாச் செருப்பு நான்கு மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் ஆறு சோடி, ஒன்பதாயிரம் ரூபா. ஆறாயிரத்துக்கு வாங்கி, இடையில் ஒருமுறை ஐந்நூறு கொடுத்துத் தைத்து, அதே இரண்டு வருடம் போட்டால் ஆறாயிரத்து ஐந்நூறு. சம்பளத்திலிருந்து ஒரே தடவையில் ஆறாயிரம் எடுப்பது கடினம் என்பது உண்மை; மலிவு என்பது உண்மையல்ல. வலிக்குப் பூசும் களிம்பும், தனியார் வைத்தியருக்குக் கொடுக்கும் கட்டணமும், கால் வீங்கியதால் ஏறிய ஓட்டோக் காசும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

விலை கூடினால் நல்லது என்று நான் சொல்லவில்லை. விலையில் பாதி பெயருக்கும் கண்ணாடிக் கடைக்கும் போகும் செருப்புகளும் இருக்கின்றன. எங்கள் காலநிலையில் எந்தப் பொருள் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்தால்தான் கொடுக்கும் காசுக்குப் பெறுமதி கிடைக்கும். வாவியோரக் காற்றில் எப்போதும் ஈரம். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கினால் ஒழுங்கைகளில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். வெறும் பசையில் ஒட்டிய சோல் அந்த ஒரு பருவத்தைத் தாண்டாது. சுற்றிவரத் தைத்தது தாண்டும். பொலியூரத்தேன் என்ற இலேசான பொருளில் செய்த சோல்கள் போடும்போது மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றின் ஈரம் அதன் பிணைப்புகளை உள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கும். விசேடத்துக்கென்று பெட்டியில் பத்திரப்படுத்திய சப்பாத்து, இரண்டு மூன்று வருடத்தின் பின் கலியாண வீட்டு நிலத்தில் கட்டி கட்டியாக உதிர்வது இதனால்தான். விற்றவரைத் திட்டுகிறோம், பொருளின் இயல்பை அறியாமல். வாங்குவதை வைத்துப் பூட்டாமல் போட்டு உழைக்கவேண்டும். அன்றாடம் தேயப் போட இயற்கை றப்பர் சோல் நல்லது. 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் முதல் றப்பர்க் கன்றுகளை ஊன்றிய நாடு இது. பாட்டாவும் டீ.எஸ்.ஐ.யும் இங்கேயே தொழிற்சாலை வைத்திருக்கின்றன. நல்ல றப்பர் அடி இங்கே அரிய பொருளாக இருக்க ஒரு காரணமும் இல்லை.

வாங்கும் முன் செருப்பைக் கையில் எடுத்துச் சோதியுங்கள். மடித்தால் விரல்கள் மடியும் இடத்தில் மடியவேண்டும், நடுவில் அல்ல. முறுக்கினால் துணியாக முறுகக் கூடாது. குதியைச் சுற்றி வரும் பின்சுவரை இரு விரலால் அமுக்கினால் எதிர்க்கவேண்டும். உள்ளே இருக்கும் மெத்தையை எடுக்க முடிந்தால் நிலத்தில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள்; பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்தச் செருப்பு உங்களுக்கு ஒடுக்கம், கடைக்காரர் "போடப் போட விரியும்" என்று எவ்வளவு சொன்னாலும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் வெளி வேண்டும். பலருக்கு மிக நீண்டது இரண்டாவது விரல். கடைக்குப் பின்னேரம் போங்கள், இந்த வெயிலில் நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்த அளவில் இருக்காது. இவற்றில் எதற்கும் காசு தேவையில்லை. ஆனால் பெண்கள் செருப்புக் கடையில் இருந்து போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, இன்னொன்றைக் கேட்டு எடுப்பதற்குள் கூட வந்தவர் வாசலில் மோட்டார் சைக்கிளை இயக்கத் தொடங்கிவிடுகிறார். சேலைக்கு இரண்டு மணித்தியாலம் பொறுப்பவர், செருப்புக்குப் பத்து நிமிடம் பொறுப்பதில்லை.

நல்ல செருப்பு கோயில் வாசலில் களவு போகும் என்கிறார்கள். போகும்தான். மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகையில் பழைய சோடியைப் போட்டுக்கொண்டு போங்கள். வருடத்தில் சில நாள் வரும் ஆபத்துக்காக மற்ற எல்லா நாளும் கெட்ட செருப்பில் நடப்பது என்ன நியாயம்?

நான் அதிகம் வாதாட விரும்புவது அழகைப் பற்றி. காலுக்கு நல்ல செருப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்பவர்களும் அடுத்த மூச்சில் "அப்ப வடிவு பார்க்க ஏலாது" என்கிறார்கள். சுகம் வேண்டுமென்றால் வைத்தியர் எழுதிக்கொடுத்தது போன்ற கறுப்புக் கட்டை, வடிவு வேண்டுமென்றால் வலி. ஒரு பெண் இரண்டையும் கேட்டால் பேராசை. இந்தப் பிரிவினையைத் தமிழ் மண்ணிலேயே நடந்த ஒரு வரலாறு பொய்யாக்கியிருக்கிறது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய அறுவை வைத்தியர் போல் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கால் அழுகுவது நோயால்தான் என்று உலகம் நம்பிய காலம். அவரும் கூட இருந்தவர்களும் கண்டது வேறு: நோய் நரம்பைக் கொன்று வலியை எடுத்துவிடுகிறது, வலி தெரியாத கால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அமுங்கி, புண்ணாகி, எலும்பு வரை போகிறது. கிருமியைக் கொன்ற பிறகும் பொருந்தாத செருப்பு காலைத் தின்னும். பல பொருட்களைச் சோதித்து, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற றப்பரில் செருப்பு செய்தார்கள். வேலூரிலும் அருகே காரிகிரியிலும் வளர்ந்த அந்த அறிவு உலகம் முழுக்கப் போனது. இன்று நீரிழிவுக்காரரின் கால் காக்கும் செருப்புக்கும் அதுவே அடிப்படை.

ஆனால் அந்தச் செருப்பை நோயாளர் பலர் போடவில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிடும் செருப்பு அது. அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால், பஸ்ஸில் ஏறினால், இவருக்கு இன்ன வருத்தம் என்று ஊருக்கே தெரியும். கால் போனாலும் பரவாயில்லை என்று வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகுதான் அதே மெத்தையைச் சாதாரணக் கடைச் செருப்பின் தோற்றத்துக்குள் வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். இது எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. எங்கள் வாவிக்கு நடுவே மாந்தீவு இருக்கிறது, தொழுநோயாளரைக் கரையிலிருந்து பிரித்து வைப்பதற்கென்றே வைத்தியசாலை அமைத்த தீவு. அந்நோய் இன்னும் பதிவாகும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. நாடளாவிய ஆய்வொன்றின்படி இலங்கையில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. அவர்களில் எத்தனை தாய்மார் கிளினிக்கில் சொன்ன செருப்பை வீட்டுக்குள் போட்டுவிட்டு, கலியாண வீட்டுக்குப் போகும்போது ஒடுங்கிய முனைச் சப்பாத்தை மாட்டுகிறார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அவர்களைப் பிடிவாதக்காரர் என்று ஏசுகிறோம். பிழை அவர்களிடம் இல்லை. போட வெட்கப்படும் செருப்பு காலைக் காக்காது. அழகு, செருப்பின் வேலையில் ஒரு பகுதி.

அழகான தட்டைச் செருப்பு கிடைக்காத பொருளுமல்ல. 1956இல் பாரிஸில் றோஸ் ரெப்பெற்றோ நடிகை பிரிஜித் பார்தோவுக்காகச் செய்த தட்டைச் சப்பாத்து இன்றும் விற்பனையில் இருக்கிறது. மராட்டியத்திலும் வட கர்நாடகத்திலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் கையால் செய்யும் கோலாப்பூர்ச் செருப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் அதன் சாயலில் செருப்பை மேடையேற்ற, இந்தியக் கைவினைஞர் எதிர்ப்புத் தெரிவித்த பின், அது இந்தியாவிலிருந்து வந்த வடிவம் என்று ஒப்புக்கொண்டது. உலகின் விலைகூடிய நவநாகரிகம் தேடி எடுத்தது, எங்கள் பக்கத்தில் பாமரர் போட்ட ஒரு தட்டைச் செருப்பை.

சேலைக்குக் குதி வேண்டும் என்ற பேச்சும் ஆராயாமல் சொல்வதே. சேலை உயரமாகவோ தாழ்வாகவோ விழுவது உடுத்தும்போது காலில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. போடப் போகும் தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டே கொய்யகத்தைச் செருகினால் கரை நிலத்தில் இழுபடாது. தூக்கிக் காட்டுவது சேலையின் மடிப்பும் நிமிர்ந்த நடையும். நோகும் காலோடு எந்தப் பெண்ணும் நிமிர்ந்து நடந்ததில்லை. செருப்பில் வடிவு என்பது வெட்டில், வாரின் அகலத்தில், உடுப்போடும் தோலின் நிறத்தோடும் சேரும் வண்ணத்தில் இருக்கிறது. பாதத்தின் அகன்ற இடத்துக்கு இடம் விட்டு, அதைத் தாண்டி முனையை மெதுவாக ஒடுக்கிய வாதாங்கொட்டை வடிவம், ஊசிமுனை தரும் அதே நளினத்தை விரலை நெரிக்காமல் தரும்.

ஆறாயிரத்தை ஒரே நாளில் எடுக்க முடியாத பெண்ணை நோக்கி இதில் ஒரு சொல்லும் இல்லை. 2022இல் ரூபா சரிந்ததும், 2024 தொடக்கத்தில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதும் அவள் செருப்பின் விலையிலும் ஏறியிருக்கிறது. 250 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு அரசாங்கம் 3000 ரூபா சப்பாத்து வவுச்சர் கொடுத்திருக்கிறது. நல்ல சப்பாத்து கல்வியின் தேவை என்று அரசே ஏற்றுக்கொண்ட செயல் அது. அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கப் பாதையில் வரும் ஆசிரியையின் காலும் அதே தேவையின் பகுதிதான். என் வாதம் வசதியிருந்தும் எள்ளி நகைப்பவர்களோடு. கலியாண மண்டபத்துக்கு இலட்சம் கொடுத்து, மனைவியின் செருப்புக்கு மூக்கைச் சுளிப்பவர்களோடு.

கடைக்காரரிடமும் கேட்கவேண்டியது இருக்கிறது. ஐரோப்பிய அளவில் 38க்கும் 39க்கும் இடையே ஆறரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வித்தியாசம். பிரித்தானிய அளவில் எட்டரை மில்லிமீற்றர் வரை. அதற்கு இடைப்பட்ட கால்கள் ஏராளம். அகலத்துக்கோ எங்கள் கடைகளில் எண்ணே கிடையாது. எங்கள் பெண்களின் பாதம் பெரும்பாலும் முன்புறம் அகன்றது. இறக்குமதிச் சரக்கில் பல ஒடுங்கிய அச்சில் செய்தவை. அகலம் போதாமல் நீளத்தில் ஓர் அளவு கூட்டி வாங்கி, குதி நழுவ நழுவ நடக்கிறார்கள். பிரதான வீதியிலும் காத்தான்குடிக் கடைத்தெருவிலும் செருப்பு விற்பவர்கள் அடுத்த சரக்கு எடுக்கும்போது அரை அளவுகளும் அகன்ற அச்சும் கேட்டு எடுங்கள். கடையில் ஒரு வாங்கும் கால் அளக்கும் பலகையும் வையுங்கள். இதை வாசிக்கும் பிள்ளைகளே, சம்பளம் எடுத்த மாதத்தில் ஒரு பின்னேரம் அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் போட்டு நடந்து பார்த்து, தனக்கு வடிவென்று சொல்லும் வரை பொறுத்திருந்து வாங்கிக் கொடுங்கள்.